ஒரே டப்பாவில் கொட்டிய மாத்திரைகள்

திருத்தணி
27.2.2023

அன்புள்ள அக்காவுக்கு,

வியாழக்கிழமையிலிருந்து பதினான்கு முறை போன் செய்துவிட்டேன். முதலில் மணி அடித்து நின்றது, அப்புறம் நீ கட் செய்தாய், இப்போது மணியே அடிப்பதில்லை. நேரில் வரலாம் என்றால், "எங்க வாசப்படிய மிதிச்சேன்னா நல்லா இருக்காது" என்று பாவா ஆஸ்பத்திரியில் அத்தனை பேர் முன்னால் சொல்லிவிட்டுப் போனார். அதனால்தான் கடிதம். கவர் வாங்கப் போனபோது தபால் ஆபீஸ் அம்மாவே என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

நடந்ததை நானும் ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். எங்கள் பீடி நிறுத்தும் மாத்திரை ஆய்வின் நாலாவது வாரப் பரிசோதனைக்கு பாவாவையும் அவர் அண்ணனையும் நீதான் கூட்டிக்கொண்டு வந்தாய். சுஜா சிஸ்டர் இரண்டு பேரையும் அந்தக் கருவியில் ஊதச் சொன்னார். மூச்சில் புகை எவ்வளவு என்று அது எண்ணில் காட்டும். சேர்ந்த அன்று பாவாவுக்கு முப்பத்தொன்று. அன்றைக்கு நாலு. பத்துக்குக் கீழே என்றால் பீடியை விட்டவர் என்று கணக்கு. பாவா எண்ணைப் பார்த்துச் சின்னப் பையன் போலச் சிரித்தார். நான் அவரை அப்படிப் பார்த்து வருஷமாகிறது.

அந்தச் சந்தோஷத்தில் நீ என்னை மருந்து ஜன்னல் பக்கம் இழுத்துப் போய்க் காதோடு சொன்னாய். இரண்டு பேருடைய மாத்திரைப் புட்டிகளையும் முதல் வாரமே ஒரே எவர்சில்வர் டப்பாவில் கொட்டிக் கலந்துவிட்டதாகவும், அதிலிருந்துதான் ஆளுக்கொன்றாகக் கொடுத்து வருவதாகவும்.

அக்கா, முதல் நாளே உன்னை உட்கார வைத்துச் சொன்னேன். ஆய்வில் இருநூற்று நாற்பது பேர். பாதிப்பேருக்கு மருந்து, பாதிப்பேருக்கு அதே நிறத்தில் மருந்தில்லாத மாத்திரை. யாருக்கு எது என்று எனக்கும் தெரியாது, ஆய்வை நடத்துகிற டாக்டர் ஜெபசிங்குக்கும் தெரியாது. புட்டி மேல் உள்ள நம்பர்தான் எல்லாம். அந்த நம்பரே போய்விட்டால் யார் எதைச் சாப்பிட்டார் என்று யாராலும் சொல்ல முடியாது. அதனால் நீ சொன்னதை எழுதி டாக்டரிடம் கொடுத்தேன். பேனாவை மூன்று தரம் மூடி மூன்று தரம் திறந்தேன். டாக்டர் இரண்டு பேருக்கும் மாத்திரையை நிறுத்திவிட்டார்.

பாவா எப்படி இருக்கிறார்? அதை மட்டுமாவது எழுது.

ஸ்ரீதர்

*

பள்ளிப்பட்டு
9.3.2023

தம்பி ஸ்ரீதருக்கு,

கடிதம் வந்தது. நல்ல வேளை, தபால்காரர் வந்தபோது உன் பாவா மோட்டார் கொட்டாயில் இருந்தார்.

நான் சொன்னது என் தம்பியிடம். ஆஸ்பத்திரிக்காரனிடம் இல்லை. இரண்டும் ஒரே ஆள்தான் என்பது எனக்கு உறைக்காமல் போனது என் தப்பு.

ஏன் கலந்தாய் என்று நீ ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்காவிட்டாலும் சொல்கிறேன். பதினோரு வருஷத்துக்கு முன்னால் வரப்பு மாமரத்துக்காக அண்ணனும் தம்பியும் மண்டையை உடைத்துக்கொண்டது உனக்குத் தெரியும். நீதான் ரத்தத்தைத் துடைத்தாய். அப்போது நாலு பேரை வைத்துப் பேசி முடித்ததிலிருந்து இங்கே எல்லாம் சரிபாதி. கிணற்றுத் தண்ணீர் பாதி, மும்முனை கரண்ட் வருகிற மணி பாதி, மாங்காய் எண்ணிப் பாதி. ஆடு அடித்தால் ஈரலைக்கூட இரண்டாக அறுத்துத்தான் எடுப்போம். தாயும் பிள்ளையும் ஆனாலும் வாயும் வயிறும் வேறு என்பார்கள். இங்கே வாயும் வயிறுமே சரிபாதிதான். அப்படி இருப்பதால்தான் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு சுவர் மட்டும் இருக்கிறது, போலீஸ் இல்லை.

புட்டியோடு வந்து இறங்கின அன்றே ஓரகத்தி சந்திரா கேட்டாள். "உன் தம்பி அங்கதான் வேலை செய்யறான். நல்ல மாத்திரை எங்க வீட்டுக்காரருக்கா வரும்? உங்களுக்கு மருந்து, எங்களுக்கு மாவு. எல்லாம் தெரிஞ்சிதான் இருக்குது." அதைக் கேட்டு அவள் புருஷன், மூத்தார், மாத்திரையைத் தொடவே இல்லை. நான் என்ன செய்ய? அவள் கண் எதிரிலேயே இரண்டையும் கொட்டிக் குலுக்கினேன். "ஆங், இப்ப சரி" என்றாள். மறுநாளிலிருந்து மூத்தாரும் சாப்பிட்டார். அன்று சந்திரா எங்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்து எனக்குக் கீரை ஆய்ந்து கொடுத்தாள். அது உன் கருவியில் எந்த எண்ணாகக் காட்டும்?

அவர் எப்படி இருக்கிறார் என்று கேட்டாய். மாத்திரை நின்று ஒன்பது நாள் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தார். பத்தாம் நாள் பீடி வாங்கினார். இப்போது ஒரு கட்டு. இடது காலில் சுண்டு விரலைப் போன வருஷமே எடுத்தாயிற்று. வேலூர் டாக்டர் என்ன சொன்னார் என்று நீயும் கூட இருந்து கேட்டவன்தான். ரத்தக் குழாய் அடைக்கிற வியாதி, பீடியை விட்டால் நிற்கும், விடாவிட்டால் மேலே ஏறும். இப்போது பக்கத்து விரல் வலிக்கிறது என்கிறார்.

பிரேமா

*

திருத்தணி
14.3.2023

அன்புள்ள அக்கா,

கேட்காதது தப்புதான்.

சொந்தக்காரரைச் சேர்க்க வேண்டாம் என்று டாக்டர் முதலிலேயே தயங்கினார். கால் விரல் போனவர், வேறு எங்கே போவார் என்று நான்தான் கெஞ்சினேன். சரி, ஆனால் அவர்களுடைய எண்களை சுஜாதான் பார்க்க வேண்டும், நீ தொடக் கூடாது என்றார். அப்படிச் சொல்லிச் சேர்த்தவன், முதல் தப்பையே மறைத்திருந்தால்? அந்த இருநூற்று நாற்பது பேரில் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு வீட்டிலிருந்து வருகிறவர்தான். ஒவ்வொரு வீட்டிலும் ஒரு நியாயம் இருக்கும். எல்லாவற்றையும் நாங்கள் மறைத்தால், வேலை செய்யாத மாத்திரையை வேலை செய்கிறது என்று நாளைக்கு ஊரெல்லாம் விற்பார்கள்.

படித்துப் பார்த்தால் மேடைப் பேச்சு போலத்தான் இருக்கிறது. உண்மையைச் சொன்னால், வேலை போய்விடும் என்ற பயமும் இருந்தது. எது முதலில் வந்தது, பயமா நியாயமா என்று இப்போது எனக்கே தெரியவில்லை.

வெளியில் அதே மாத்திரையை எழுதித் தரச் சொல்லி டாக்டரைக் கேட்டேன். ஆய்வில் பேர் இருக்கும்வரை அது முடியாது என்றார். பீடி நினைப்பு வரும்போது மெல்லுகிற கம் இருக்கிறது. அரசு ஆஸ்பத்திரியில் சொல்லி வாங்கி இதோடு அனுப்புகிறேன். நன்றாக மென்று, காரம் ஏறியதும் கன்னத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும். நான் அனுப்பினேன் என்று சொல்லாதே.

ஸ்ரீதர்

*

பள்ளிப்பட்டு
2.5.2023

ஸ்ரீதருக்கு,

நான் சொல்லவில்லை. பார்சல் மேல் உன் கையெழுத்தே சொல்லிவிட்டது. அப்படியே கரும்புத் தோட்டத்து வாய்க்காலில் வீசினார். மூத்தார் போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்து, துடைத்து, தினம் மெல்லுகிறார். அவர் இரண்டு கட்டிலிருந்து நாலு பீடிக்கு வந்துவிட்டார். யாருக்கு அனுப்பினாயோ அவருக்கு இல்லை, யார் கண்ணிலும் படாதவருக்குப் பலன். சிரிக்கலாம் என்றால் தெம்பு இல்லை.

அந்த விரல் நுனி கருத்துவிட்டது. செருப்புக் கடி என்கிறார். செருப்பே போடுவதில்லை. துணி சுற்றிக்கொண்டு வயலுக்குப் போகிறார். ஆஸ்பத்திரி என்று வாயெடுத்தால், "உன் தம்பி கிட்ட போய் ஊது" என்கிறார். நான் அவரோடு சண்டை போடுவேனா, உன்னோடு போடுவேனா, சந்திராவோடு போடுவேனா? எல்லாருக்கும் நடுவில் நிற்கிறவள் நான் ஒருத்தி. எனக்கு முடியவில்லை.

பிரேமா

*

திருத்தணி
6.5.2023

அக்கா,

நாள் கடத்தாதே. கருத்த விரலுக்குக் காத்திருக்கக் கூடாது. டாக்டர் ஜெபசிங் சென்னைக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுத்திருக்கிறார், உள்ளே வைத்திருக்கிறேன். என் பேச்சை எடுக்காமல் மூத்தாரை விட்டுச் சொல்லச் சொல். அண்ணன் சொன்னால் பாவா திட்டுவார், ஆனால் போவார்.

ஜூலைக் கடைசியில் ஆறாம் மாதப் பரிசோதனை. மாத்திரை நின்றாலும் இரண்டு பேரும் வந்து ஊதலாம், பேர் இன்னும் இருக்கிறது. வராவிட்டால் விதிப்படி புகைக்கிறார் என்றே எழுத வேண்டும். அதற்காகச் சொல்லவில்லை. முதலில் கால்.

ஸ்ரீதர்

*

பள்ளிப்பட்டு
30.7.2023

தம்பிக்கு,

சென்னைக்குப் போய் வந்து இருபது நாள் ஆகிறது. விரல் ஒன்றோடு போகும் என்று நினைத்துத்தான் போனோம். முன்பாதம் முழுக்க எடுத்துவிட்டார்கள். குதிகால் மிச்சம். கட்டு பிரிக்கும்போது நான் பார்த்தேன், அவர் பார்க்கவில்லை. ஜன்னலைப் பார்த்துக்கொண்டே, "செருப்பு எந்த சைசு வாங்கறது" என்று கேட்டார்.

நீ வந்து வார்டு வாசலில் நின்றதைப் பார்த்தேன். கையில் ஆரஞ்சுப் பை. நானும் கூப்பிடவில்லை, நீயும் உள்ளே வரவில்லை. பிறகு பை மட்டும் பெஞ்சில் இருந்தது. அவர் தூங்கும்போது உரித்துத் தின்றேன். அன்றைக்குக் காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்கவில்லை.

அட்மிட் ஆன நாளிலிருந்து அவர் பீடியைத் தொடவில்லை. ஐம்பத்தோரு நாள். மாத்திரை இல்லை, கம் இல்லை. எரிச்சல் எல்லாம் என் மேல்தான் வருகிறது. சோறு குழைந்தால் தட்டு பறக்கிறது. பறக்கட்டும் என்று இருக்கிறேன். போன வாரம் மூத்தார் மட்டும் உங்களிடம் வந்து ஊதிவிட்டுப் போனார், பதினாலு காட்டியதாம். இவரைக் கூப்பிட்டதற்கு, "பாதி காலோட அவன் எதிர்ல போய் நிக்கணுமா? செத்தாலும் வரமாட்டேன்" என்றார்.

நீ அப்போதே அந்தக் காகிதத்தை எழுதாமல் இருந்திருந்தால் அவர் மாத்திரையை முழுசாக முடித்திருப்பார். இதை எழுதக் கூடாது என்று இரண்டு மாதம் அடக்கிப் பார்த்தேன். முடியவில்லை.

பிரேமா

*

திருத்தணி
5.2.2024

அன்புள்ள அக்கா,

உன் கடைசிக் கடிதத்துக்கு நாலு தரம் பதில் எழுதிக் கிழித்தேன்.

ஒரு வருஷப் பரிசோதனையும் முடிந்தது. பாவா வரவில்லை. வராதவர் புகைக்கிறவர் என்பது எல்லா ஊரிலும் இந்த ஆய்வுகளில் உள்ள விதி. வந்தவர்களை மட்டும் எண்ணினால் விட்டவர்கள் நிறையப் பேர் போலத் தெரியும் என்பதற்காக வைத்தது. நல்ல விதிதான். அதன்படி அவர் நம்பருக்கு எதிரே சுஜா சிஸ்டர், "புகைக்கிறார்" என்று எழுதினார். அவர் விட்டு ஏழு மாதத்துக்கு மேலாகிறது என்று எனக்குத் தெரியும். சுஜாவுக்கும் தெரியும். எழுதிவிட்டு அவர் என்னைப் பார்த்தார், நான் அடுத்த ஃபைலை எடுத்தேன்.

உனக்குத் தெரிந்திருக்கட்டும் என்று எழுதுகிறேன். வேறு ஒன்றும் கேட்கவில்லை.

ஸ்ரீதர்

*

திருத்தணி
12.9.2024

அக்கா,

போன கடிதத்துக்குப் பதில் இல்லை. இதற்கும் இல்லாமல் போகலாம். ஆனாலும் எழுதியாக வேண்டும்.

ஆய்வு முடிந்து, யாருக்கு எந்த மாத்திரை என்ற பட்டியலைப் போன வாரம் திறந்தார்கள். சேர்ந்தவர்கள் விரும்பினால் அவரவருக்குச் சொல்லலாம் என்று அனுமதி. நீ கேட்கவில்லை. கேட்கமாட்டாய் என்றும் தெரியும். கேட்காததைச் சொல்லாமல் விட்டுவிடலாம் என்று மூன்று நாள் நினைத்தேன்.

பாவாவின் புட்டியில் இருந்தது மருந்து. அவர் அண்ணனின் புட்டியில் இருந்ததும் மருந்து. இரண்டும் ஒரே மருந்து, ஒரே அளவு.

நீ கலந்ததால் எதுவுமே மாறவில்லை அக்கா. மருந்தையும் மருந்தையும்தான் கலந்தாய். இரண்டு பேரும் அந்த நாலு வாரமும் சாப்பிட வேண்டியதைத்தான் சரியாகச் சாப்பிட்டார்கள். மூச்சில் நாலு என்று வந்ததும் அதனால்தான். இன்னும் எட்டு வாரம் பாக்கி இருந்தது. அதைத்தான் என் காகிதம் நிறுத்தியது.

இன்னொன்றும் இருக்கிறது. ஒவ்வொரு நம்பருக்கும் ஒட்டின கவர் ஒன்று டாக்டரின் பீரோவில் இருந்தது. ஆபத்து என்றால் அதை மட்டும் கிழித்து, என்ன மாத்திரை என்று பார்க்கலாம். விரல் கருத்துவிட்டது என்று நீ எழுதியபோது அதை நினைத்தேன். இரண்டும் ஒன்றுதான் என்றால் மாத்திரையை மறுபடி தொடங்கச் சொல்லலாம் என்று டாக்டரிடம் கேட்கவும் போனேன். வாசலில் பத்துப் பேர் காத்திருந்தார்கள். விரல் கருத்தது மாத்திரையால் வந்த ஆபத்து இல்லையே, கேட்டால் என்ன சொல்வாரோ என்று திரும்பி வந்துவிட்டேன். கேட்டிருந்தால் அவர் மாட்டேன் என்றே சொல்லியிருக்கலாம். ஆனால் நான் கேட்கவில்லை.

அன்றைக்கு நீ என்னை நம்பி ஒன்றைச் சொன்னாய். நான் அதை எழுதிக் கொடுத்தேன். இப்போது இதை உனக்கு எழுதிக் கொடுக்கிறேன். பாவாவிடம் சொல்வதும் சொல்லாததும் உன் இஷ்டம்.

அக்டோபர் கடைசியோடு என் வேலை முடிகிறது. சாமான்களை ஒவ்வொன்றாகப் பெட்டியில் கட்டிக்கொண்டு இருக்கிறோம்.

ஸ்ரீதர்

*

பள்ளிப்பட்டு
29.9.2024

தம்பி ஸ்ரீதருக்கு,

உன் கடிதத்தைப் பத்து நாள் அரிசி டிரம்மில் வைத்திருந்தேன். கிழித்துப் போட்டால் என்னோடு போய்விடும், அவரும் உன்னை ஒரு நாள் மறந்து மன்னித்துவிடுவார். சொன்னால் கடைசி வரைக்கும் உன் முகத்தில் விழிக்கமாட்டார். இரண்டையும் நினைத்து நினைத்து ஓய்ந்துபோனேன். பிறகு இன்று காலை கிணற்றடியில் நாலு பேரும் இருந்தபோது உரக்கப் படித்தேன். எனக்கு மட்டும் தெரிந்து வைத்துக்கொண்டு அவருக்குச் சோறு போட என்னால் ஆகவில்லை.

முதலில் அழுதவள் சந்திரா. "நான்தானே மாவுன்னு சொன்னேன், என்னாலதானே நீ கலந்த" என்று தலையில் அடித்துக்கொண்டாள். மூத்தார் எழுந்து மோட்டார் கொட்டாய்க்குப் போய்விட்டார். அவர் கண்ணும் கலங்கித்தான் இருந்தது. இவர் அசையவில்லை. படித்த இடத்தையே மறுபடி படிக்கச் சொன்னார், அந்த நாலு என்று வந்த இடத்தை. படித்தேன். அப்புறம் கேட்டார், "போன வருஷம் ஜூன்ல விட்டேனே, அப்போ அவன் நோட்டுல எனக்கு இன்னா போட்டிருக்கான்?"

உன் பிப்ரவரிக் கடிதத்தில் இருந்ததைச் சொன்னேன். புகைக்கிறார் என்று.

"பதினஞ்சு மாசமா நான் ஒண்ணுகூட தொடல. பீடி குடிக்கிறான்னு எழுதி வச்சிகினு இருக்கானா?" என்றார். மறுபடி, "அந்த மிஷினையும் கட்டிட்டானா?" என்றார். தெரியாது என்றேன்.

வரும் வெள்ளிக்கிழமை காலை பஸ்ஸில் வருகிறார். ஊத வருகிறார். இனிமேல் ஊதினாலும் கணக்கில் சேராது, எல்லாம் முடிந்துபோனது என்று சொல்லிப் பார்த்தேன். "சேரலன்னா போவுது. அவன் கண்ணால பாக்கட்டும்" என்றார். உன்னை மன்னித்துவிட்டார் என்று நினைத்துக்கொள்ளாதே. அதையும் அவரே சொல்லி அனுப்பினார்: "மன்னிக்கறதுக்கு வரலன்னு எழுது." எழுதிவிட்டேன். மிஷினைக் கட்டியிருந்தால் பிரித்து வை. பஸ் ஸ்டாண்டுக்கு நீ வராதே, கை கொடுக்காதே. மூத்தார் கூட வருகிறார்.

நான் வரவில்லை. நீ செய்தது சரியா தப்பா என்று யோசிப்பதை விட்டுவிட்டேன், சரியாகவே இருக்கலாம். அவர் இன்று வரை மாத்திரையைப் பற்றி என்னை ஒரு வார்த்தை கேட்டதில்லை, இனியும் கேட்கமாட்டார். ஆனால் உன்னைப் பார்த்தால் எனக்கு அந்த மருந்து ஜன்னல்தான் ஞாபகம் வருகிறது. நானே இழுத்துப் போய் நானே காதில் சொன்னது. அந்தச் சந்தோஷத்தில் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் அவர் இரண்டு காலோடு நடந்திருப்பார். அந்தக் கோபம் என் மேல்தான், உன் மேல் இல்லை. ஆனாலும் உன் முகத்தைப் பார்க்க எனக்கு இன்னும் கொஞ்ச காலம் ஆகும்.

அவருக்கு எத்தனை வந்தது என்று மட்டும் எழுது.

பிரேமா